ஜன்னலில் ஒட்டிய தினத்தந்தி: ஆய்வைப் படித்து ஆஸ்பத்திரி வரைவது எப்படி

நான் வரைந்த முதல் ஆஸ்பத்திரி முப்பது படுக்கை. ஊருக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய ஒரு தெருவில். இரண்டாம் மாடி வார்டின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தேன். அதற்கு ஆதாரமும் கையில் இருந்தது. ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தபடி படுத்திருந்த நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்கிற அமெரிக்க ஆய்வு. அதை அச்சடித்து டாக்டர் மேஜைமேல் வைத்து, கண்ணாடிக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்க வைத்தேன்.

அடுத்த ஏப்ரலில் போனால் கண்ணாடி முழுக்கப் பழைய தினத்தந்தி. மைதா காய்ச்சி, போஸ்டர் ஒட்டுவது மாதிரி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். சீனியர் சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "மேடம், மூணு மணிக்கு மேல பேஷண்ட் எல்லாம் கட்டிலத் திருப்பிப் போடுங்கறாங்க. ஏ.சி.யும் எடுக்கல. நாங்க என்ன பண்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட சின்ன ஆஸ்பத்திரிகள் வரைந்தாயிற்று, எல்லாம் சென்னையும் சுற்றுவட்டாரமும்தான். ஆய்வு படிக்கிற பழக்கத்தை விடவில்லை, படிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். புதிதாக நர்சிங் ஹோம் கட்டப்போகிற டாக்டர்களுக்கும், அவர்களுக்கு வரைந்து தருகிற சின்ன வயது ஆர்க்கிடெக்ட்களுக்கும் உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

தலைப்பை விடுங்கள், வயிற்றைப் படியுங்கள்

நான் காட்டிய ஆய்வு ரோஜர் உல்ரிச் என்பவருடையது. 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, வயது, பால் எல்லாம் பொருந்துகிற மாதிரி 23 ஜோடிகளாக அடுக்கினார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள் தங்கினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாள். வீரியமான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் கண்ணாடி வைத்தேன். இன்னொரு தடவை மேலே பாருங்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஜன்னல் இருந்தது! அவர் ஒப்பிட்டது மரத்தையும் சுவரையும். ஜன்னல் பெரிதா சின்னதா, கண்ணாடி எவ்வளவு என்ற கேள்வியே அங்கே இல்லை. மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்றால், மே 1 முதல் அக்டோபர் 20 வரை, அதாவது மரத்தில் இலை இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டும்தான் எடுத்தார். நானோ மரத்தை விட்டுவிட்டு ஜன்னலைக் கட்டினேன். என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது ஒரு தகரக் கூரையும் சாயங்கால வெயிலும்.

ஆகவே முதல் வேலை, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் உங்கள் கையால் எழுதுவது. எழுத வரவில்லை என்றால் அந்த ஆய்வு இன்னும் உங்களுக்குப் புரியவில்லை, அதை வைத்து ஒரு செங்கல்கூட நகர்த்த வேண்டாம்.

இரண்டாவது, எந்த ஊர். வெளிச்சம் பற்றிய ஆய்வுகள் நிறைய உண்டு. கனடாவின் எட்மண்டன் நகரில் மனச்சோர்வு நோயாளிகள் வெயில் விழும் அறைகளில் சராசரியாக 16.9 நாளும் மங்கலான அறைகளில் 19.5 நாளும் தங்கினார்கள் என்று 1996-இல் எழுதினார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் எட்மண்டன் 53 டிகிரி வடக்கில் இருக்கிறது, நாம் 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நமக்கு உச்சிச் சூரியனே தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்குச் சுவரில் வெயில் விழாது என்ற பாடப்புத்தக விதிகூட இங்கே நாலு மாதம் செல்லாது. அவர்கள் குளிர்காலத்துக்கு வெயிலைத் தேடுகிறார்கள். நமக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லாத வெளிச்சம்.

மூன்றாவது, கூடவே வேறு என்னென்ன மாறியது. "புதுக் கட்டடத்துக்கு மாறியதும் நோய்த்தொற்று குறைந்தது" என்று வருகிற ஆய்வுகளில் கட்டடத்தோடு சேர்ந்து நர்ஸ் எண்ணிக்கையும் மாறியிருக்கும், துப்புரவு ஒப்பந்தமும் மாறியிருக்கும், கை கழுவச் சொல்லி வகுப்பும் நடந்திருக்கும். எது குறைத்தது என்று யாருக்குத் தெரியும்?

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். எந்த வழியாக அந்த நன்மை வந்தது? அந்த வழி நம் ஊரில் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? காற்றைப் பற்றிப் பேசினால் இது நன்றாகப் புரியும்.

எங்கே தேடுவது என்று கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தேடித் தரும் பப்மெட் இணையதளம் இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளும் இலவசம். இந்தத் துறைக்கென்றே 2007 முதல் 'ஹெர்ட்' என்ற இதழ் வருகிறது. கலிபோர்னியாவில் 1993-இல் தொடங்கிய 'சென்டர் ஃபார் ஹெல்த் டிசைன்' என்ற அமைப்பும் ஆய்வுகளைத் தொகுத்து வைக்கிறது. தேடும்போது இடம், மாற்றம், விளைவு மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போடுங்கள்: வார்டு, சீலிங் டைல், தூக்கம் என்பது மாதிரி. கட்டுரைக்குப் பணம் கேட்டால் எழுதியவருக்கே மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். தரைக்கு வினைல் விற்க வருகிறவர் பையில் இருக்கும் வழவழப்பான தாளை மட்டும் ஆய்வு என்று எண்ணிவிடாதீர்கள். "மூலக் கட்டுரை கொடுங்க சார்" என்று கேட்டால் அதற்குப் பிறகு அவர் வருவதே இல்லை.

காற்று

நம் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பணம் அதிகம் செலவாகிற இடமும் தவறு அதிகம் நடக்கிற இடமும் இதுதான் என்பேன்.

2007-இல் பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளை அளந்து ஓர் ஆய்வு வெளியானது. கதவு ஜன்னல் திறந்திருந்தால் மணிக்குச் சுமார் 28 முறை அறைக்காற்று முழுதாக மாறியது. தொற்று நோயாளிகளுக்கென்று நிறையச் செலவு செய்து இயந்திரம் வைக்கும் தனிமை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது 12 முறைதான். இன்னொரு செய்தி: 1950-க்கு முந்தைய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள கட்டடங்களில் 40 முறை, பிற்காலக் கட்டடங்களில் 17 முறை. காசநோய் பரவுவதற்கான வாய்ப்பும் அதற்கேற்றபடி பழைய கட்டடங்களில் குறைவாகவே கணக்காகியது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது காசநோயாளிகளுக்கான தாம்பரம் சானடோரியம். 1928-இல் சௌரி முத்து என்ற டாக்டர் தொடங்கியது, அதன் பெயரிலேயே ரயில்வே ஸ்டேஷனும் இருக்கிறது. அந்தத் தலைமுறை காற்றுக்காகத்தான் ஊரைத் தாண்டி இடம் தேடியது. நாம் அதே காற்றை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டு, ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுகிறோம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஒருவர் இருமியது ஆறு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன கணக்கு: இயற்கைக் காற்றோட்டத்தில் இயங்கும் சாதாரண வார்டில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக் காற்று, காற்றில் பரவும் நோய் உள்ளவர்களின் அறையில் 160 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30-க்கு 20 அடி, பத்தடி உயரம், ஆறு படுக்கை. அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 170 கன மீட்டர். ஆறு பேருக்கு நொடிக்கு 360 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1,300 கன மீட்டர். அதாவது அறைக்காற்று மணிக்கு ஏழெட்டு முறை மாற வேண்டும். எதிரெதிர் சுவர்களில் திறப்பு இருந்தால் இது எட்டக்கூடியதே. ஒரே சுவரில் மட்டும் ஜன்னல் என்றால் கஷ்டம்.

சரி, லிமாவில் நடந்தது இங்கே நடக்குமா? இயற்பியல் அதேதான். வானிலையும் ஆளும்தான் வேறு. லிமாவில் வருடம் முழுக்க மிதமான வானிலை. இங்கே கத்திரியில் கடற்காற்று இறங்காத நாட்களில் மேற்கேயிருந்து அனல் அடிக்கும், ஜன்னலை மூடுவார்கள். மார்கழியில் பனிக்காற்று ஆகாது என்று பாட்டிகள் மூடுவார்கள். மற்ற மாதங்களில் ஆறு மணி ஆனால் கொசு. ஆக, திறந்த ஜன்னல் என்பது திறந்திருக்கும் வரைதான். "காத்து வரட்டும்னுதான் தொறந்து வெச்சோம் மேடம், அட்டெண்டர்ங்க மூடிடறாங்க" என்று எத்தனை சிஸ்டர்கள் சொல்லியிருப்பார்கள்! அட்டெண்டர் என்றால் நோயாளிக்குத் துணையாகத் தங்குகிற வீட்டு ஆள்.

அதனால் நான் இப்போது திறப்பை இரண்டாகப் பிரிக்கிறேன். கீழே ஜன்னல், நோயாளி பார்ப்பதற்கு. அதை அவர்கள் இஷ்டப்படி திறக்கட்டும், மூடட்டும். கூரையை ஒட்டி மேலே வென்டிலேட்டர், கொசுவலை போட்டு, கைக்கு எட்டாத உயரத்தில், மூடவே வழியில்லாமல். நம் பாட்டன்கள் வீட்டில் இருந்ததுதான். வலை காற்றைக் குறைக்கும், ஆகவே திறப்பைக் கணக்கைவிடப் பெரிதாக வையுங்கள். ஏ.சி. கட்டாயம் என்கிற அறைகளில் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் ஃபேன் தனியாக வேண்டும் என்று அடம் பிடியுங்கள். டாக்டர் முதலில் வெட்டப் பார்ப்பது அந்த வரியைத்தான்.

இன்னொன்று, ஆபத்து வார்டில் மட்டும் இல்லை. வார்டில் படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்கும், ஓ.பி. வரிசையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் தெரியாது. ஆகவே ஓ.பி. காத்திருப்பு இடத்தைக் கூரை போட்ட, இரண்டு பக்கம் திறந்த தாழ்வாரமாக வைக்கிறேன். கண்ணாடி போட்ட ஏ.சி. லாபி கேட்கிறவர்களிடம் இதற்காகவே இரண்டு வேலையை இழந்திருக்கிறேன்.

அளப்பது சுலபம். கரியமில வாயு மானி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியே சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். உள்ளே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பிறர் விட்ட மூச்சை நாம் வாங்குகிறோம் என்று பொருள். ஒரு பழைய நர்சிங் ஹோமில் இரவு முழுக்க வைத்திருந்தேன். ஆறு நோயாளி, ஆறு அட்டெண்டர், ஏ.சி. ஓடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு 2,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்ணைக் காட்டிய பிறகு டாக்டர் ஃபேனை வெட்டவில்லை. லிமா ஆய்வை நான் பத்து முறை சொல்லியும் அசையாதவர்.

ஆய்வில் இல்லாத ஆள்

மேலே அட்டெண்டரைச் சொன்னேன். வெளிநாட்டு ஆய்வுகளின் வரைபடங்களில் இவரைப் பார்க்கவே முடியாது, மிஞ்சிப்போனால் மாலையில் பூங்கொத்தோடு வந்து போவார். நம் ஊரில் இவர் இரவு பகலாக அங்கேயே இருப்பவர். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்குவார், சாப்பாட்டுக் கேரியர் வைப்பார், சலைன் தீர்ந்தால் ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுவார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துக் கூப்பிடுவார்.

தனி அறையா, பொது வார்டா என்ற சண்டையை இதோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் பெம்பரி என்ற இடத்தில் எல்லாமே தனி அறையாக ஓர் ஆஸ்பத்திரி கட்டி 2011-இல் திறந்தார்கள். மாறுவதற்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் தனி அறையே பிடிக்கும் என்றார்கள். ஆனால் நர்ஸ்களின் நடை கூடியது, எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியவில்லை, சில நோயாளிகளுக்குத் தனிமை தாங்கவில்லை. நோய்த்தொற்றும் கீழே விழுவதும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும்படியான ஆதாரமும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இரவு டூட்டிக்கு எத்தனை சிஸ்டர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். என் முடிவு: தொற்றுக்கும் கடைசி நிலை நோயாளிகளுக்கும் சில தனி அறைகள், மற்றவை இரண்டு, நான்கு படுக்கை அறைகள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஆறடிக்கு இரண்டடி அட்டெண்டர் இடம், படுக்க ஒரு பெஞ்ச், அதற்கடியில் பை வைக்கப் பெட்டி. காசு கட்டுகிறவர்கள் தனி அறைதான் கேட்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்லும். உண்மைதான், அது வியாபாரக் கணக்கு. ஆய்வைக் காட்டி அதை மறைக்காமல் இருந்தால் போதும்.

நூல் வைத்து அளப்பது

அமெரிக்காவில் 36 ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களோடு கருவி கட்டி அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். பத்து மணி நேரப் பகல் டூட்டியில் ஒரு நர்ஸ் ஒன்றிலிருந்து ஐந்து மைல் வரை நடக்கிறார், நேரடியாக நோயாளியைக் கவனிக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் சிஸ்டர்கள் எவ்வளவு நடக்கிறார்கள்? அமெரிக்கக் கணக்கை எடுத்து ஒட்டாதீர்கள், இதை நீங்களே அளந்துவிடலாம்.

டாக்டருக்கு ஏற்கெனவே ஒரு கிளினிக்கோ நர்சிங் ஹோமோ இருக்கும். அங்கே ஒரு வாரம் உட்காருங்கள். சிஸ்டர் ஒருவரின் பையில் நடை எண்ணும் போனை வைக்கச் சொல்லுங்கள். பிளானை அட்டையில் ஒட்டி, கட்டில், மருந்து அலமாரி, அழுக்குத் துணிக் கூடை, லிஃப்ட் எல்லா இடத்திலும் குண்டூசி குத்துங்கள். ஒரு சிஸ்டர் எங்கிருந்து எங்கே போகிறாரோ அப்படியே நூலைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரத்தில் எந்த இரண்டு ஊசிக்கு நடுவில் நூல் கயிறாகத் திரண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு தடவை நர்சிங் ஸ்டேஷனை நடுவில் கொண்டுவந்தால் நடை குறையும் என்று நானும் டாக்டரும் முடிவு கட்டியிருந்தோம். நூல் வேறு சொன்னது. ஸ்டேஷனுக்கும் கட்டில்களுக்கும் நடுவில் மெலிந்த நூல்தான். லிஃப்டுக்குத்தான் தடித்த கயிறு, கீழே ஃபார்மசிக்கு மருந்து வாங்கப் போகும் அட்டெண்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, வழி சொல்லி, திரும்பி வந்ததைச் சரிபார்த்து... ஸ்டேஷனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மாடியில் ஒரு சின்ன மருந்து கவுன்டர் வைத்தோம். பாதி நடை போயிற்று.

சத்தம் பற்றிக் கொஞ்சம்

இரவில் வார்டுக்குள் 30 டெசிபெல்லுக்கு மேல் வேண்டாம் என்று 1999-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எந்த ஊரிலும் அது நடப்பதாகத் தெரியவில்லை. 1960-இலிருந்து வெளிவந்த அளவீடுகளை ஒரு குழு 2005-இல் தொகுத்தபோது, ஆஸ்பத்திரிகளின் பகல் சத்தம் 57-இலிருந்து 72 டெசிபெல்லுக்கு ஏறியிருந்தது. ஸ்வீடனில் இதய நோய்ப் பிரிவு ஒன்றில் கூரை டைலை மட்டும் சத்தம் உறிஞ்சும் வகைக்கு மாற்றிப் பார்த்தார்கள். புது டைல் இருந்த காலத்தில் அங்கே இருந்தவர்கள் மறுபடி அட்மிட் ஆனது குறைவு. ஒன்றை மட்டும் மாற்றினார்கள் பாருங்கள், அதனால்தான் இந்த ஆய்வை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்த வகை டைலை அப்படியே இங்கே மாட்டினால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தொய்ந்து பூசணம் பிடிக்கும். ஈரம் தாங்கும், துடைக்கக்கூடிய வகை பார்த்து வாங்க வேண்டும், விலை கூடுதல். அதற்குப் பணம் இல்லை என்றால் கிரானைட் தரையில் ஓடும் டிராலிக்கு ரப்பர் சக்கரமும், கதவுக்கு ரப்பர் பட்டையும், எவர்சில்வர் பெட்பேன் அடுக்க மரத் தட்டும் போட்டாலே இரவு பாதி அடங்கும். போனில் இருக்கும் டெசிபெல் ஆப் துல்லியம் இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் போதும்.

சிங்க் வைக்கும் முன்

கை கழுவ வசதி கூடினால் நோய்த்தொற்று குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஐ.சி.யூ.வில் கட்டிலுக்கு ஒரு சிங்க் என்று வரைந்துகொண்டிருந்தேன். கனடாவின் டொரண்டோவில் 2004 முதல் 2006 வரை ஓர் ஐ.சி.யூ.வில் மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி 36 பேருக்குப் பரவிய கதையைப் படித்த பிறகு கை நடுங்கியது. கிருமி இருந்தது கை கழுவும் சிங்க்கின் வடிகாலில். குழாய்த் தண்ணீர் நேராக ஓட்டையின் மேல் விழுந்தது, தொட்டி ஆழம் போதவில்லை. ஒளிரும் சாயம் ஊற்றிப் பார்த்தபோது ஒரு மீட்டர் தூரம்வரை தெறித்திருந்தது, பக்கத்தில்தான் மருந்து தயாரிக்கும் மேடை. சிங்க்கை மாற்றிக் கட்டிய பிறகுதான் பரவல் நின்றது.

ஆகவே தொட்டி ஆழமாக, குழாய் ஓட்டைக்கு நேராக இல்லாமல், மருந்து மேடையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, இல்லையென்றால் நடுவில் தடுப்பு. கட்டிலுக்கு அருகே ஆல்கஹால் திரவப் பாட்டில். உங்கள் பிளம்பர் சிங்க் பொருத்தியதும் நீலச் சாயம் ஊற்றித் தண்ணீர் திறந்து, சுற்றிலும் வெள்ளைத் தாள் விரித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

டீக்கடைக்காரர் சொன்னதும் ஆதாரம்தான்

இதழில் வந்தால்தான் ஆதாரம் என்று இல்லை. மனை வாங்கியதும் எதிர் டீக்கடையில் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? 2023 மிக்ஜாம் புயலில்? அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்தக் கைக்கு மூன்றடி மேலே ஜெனரேட்டர், மின் பேனல், ஆக்ஸிஜன் சிலிண்டர் அறை. பேஸ்மென்டில் பார்க்கிங் வேண்டுமானால் இருக்கட்டும், ஜெனரேட்டர் வேண்டாம். 2015-க்குப் பிறகும் பேஸ்மென்டில் வரைந்து கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதைவிடப் பெரிய பாடம் சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், வீட்டு மனிதர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்க்குப் படுக்கை கட்டுவது குறைந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். டாக்டர்கள் "இன்னும் பத்து படுக்கை" என்று கேட்கும்போது நான் முதலில் கேட்பது, இவர்களில் எத்தனை பேரைக் காலையில் சேர்த்துச் சாயங்காலம் அனுப்பிவிடலாம் என்பதுதான். என் ஃபீஸ் குறையும். பரவாயில்லை.

சாக்பீஸ், செங்கல், ஆயாம்மா

ஆய்வு சொன்னதை, நீங்கள் அளந்ததைச் சேர்த்து ஓர் அறை வரைந்துவிட்டீர்கள். உடனே கட்டாதீர்கள். மொட்டை மாடியில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போடுங்கள். சுவருக்கு இரண்டு வரிசை செங்கல், கதவுக்கு ஒரு பிளைவுட், நடுவில் நிஜக் கட்டில், நிஜ ஸ்டிரெச்சர், டிரிப் ஸ்டாண்ட். பிறகு டாக்டரை மட்டும் கூப்பிடாமல் சிஸ்டர், வார்டு பாய், ஆயாம்மா எல்லோரையும் கூப்பிட்டு வேலை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஒரு முறை ஆயாம்மா பெட்பேனோடு பாத்ரூம் கதவுக்கு வந்து நின்றுவிட்டார். "இரண்டு கையிலயும் இத வெச்சிக்கினு கதவ எத்தால தொறக்கறது?" என்றார். மூன்று மாதம் அந்த வரைபடத்தைப் பார்த்த எங்கள் யாருக்கும் தோன்றாதது. தோளால் தள்ளினால் இரண்டு பக்கமும் திறக்கிற கதவாக்கினோம். உள்ளே யாராவது மயங்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டாலும் வெளியே இழுத்துத் திறக்கலாம். பாத்ரூம் வாசலில் மேஸ்திரி பழக்கதோஷத்தில் வைக்கிற இரண்டு அங்குலப் படியையும் அன்றே எடுத்தோம்.

நீங்களும் அந்தக் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். மூன்றரை அடி உயரத்தில் ஜன்னல் தொடங்கினால் படுத்தவருக்கு மரம் தெரியாது, சன்ஷேடின் அடிப்பக்கம்தான் தெரியும். நான் இப்போது இரண்டடியில் தொடங்குகிறேன், கம்பி போட்டு.

ஒரு தாள், ஒரு விஜயம்

பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி வைக்கிறேன்: என்ன செய்தோம், எந்த ஆய்வு அல்லது அளவை நம்பி, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், எதை வைத்துச் சரிபார்ப்போம். ஆஸ்பத்திரிகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்றுக் கோப்போடு அதுவும் இருக்கும். தாளில் "நடக்கவில்லை" என்று எழுதவும் இடம் விடுகிறேன், அது நிறையவே நிரம்புகிறது.

கட்டி முடித்து ஆறு மாதம் கழித்துப் போங்கள். முடிந்தால் மே மாதம் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை. இரவு இரண்டு மணிக்குப் போவது நல்லது. யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம், எங்கே பேப்பர் ஒட்டியிருக்கிறது, எங்கே கயிறு கட்டியிருக்கிறது, எந்தக் கதவுக்கு அடியில் அட்டை செருகியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் மேற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி, கட்டிலில் படுத்தால் தெரிகிற உயரத்தில் மூன்று ஜன்னல் வைத்தோம், என் செலவில் பாதி. காம்பவுண்டுக்குள் இரண்டு புங்கை நட்டோம். ஒன்று 2016 வர்தா புயலில் விழுந்துவிட்டது. மற்றது இரண்டாம் மாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அப்படிப் போனேன். காரிடாரின் தீத்தடுப்புக் கதவை, ஸ்டிரெச்சர் போக வசதியாக, காஸ் துணியால் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுத் திறந்தே வைத்திருந்தார்கள். தீ வந்தால் அந்தக் கதவால் பயனில்லை. காந்தத்தில் பிடித்துக்கொண்டிருந்து, அலாரம் அடித்ததும் தானாக மூடிக்கொள்ளும் வகை இருக்கிறது. விலைப்பட்டியல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆடி முடிந்து ஆவணி பிறக்கட்டும் என்கிறார் டாக்டர்.